கம்பெனி மூடின பழைய ரீலோடிங் பிரஸ்: எந்த பார்ட்டை நாமளே செஞ்சுக்கலாம், எதுல கை வெக்கக் கூடாது?

நண்பர் கேட்டது இதுதான். மினசோட்டால பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறினதும் அவர் மனைவி கராஜைக் காலி பண்ணும்போது, உனக்குத்தான் மெஷின்னா பிடிக்குமே எடுத்துக்கோன்னு ஒரு பெட்டி நிறைய, சுட்ட கேஸ்ல திரும்ப மருந்து நிரப்பித் தோட்டா ஆக்கற ரீலோடிங் சாமான் கொடுத்திருக்காங்க. ஒரு ஹெர்ட்டர்ஸ் பிரஸ், ஒரு லைமன் 55 பவுடர் மெஷர், ஒரு பீம் தராசு. பிரஸ்ல கைப்பிடி கடகடன்னு ஆடுது, பிரைமரைக் கேஸ்ல தள்ளி உக்கார வெக்கற பிரைமர் ஆர்மைக் காணோம், ஷெல் ஹோல்டரைப் பிடிச்சுக்கற கிளிப்பும் இல்ல, கம்பெனி எப்பவோ மூடியாச்சு. பார்ட்ஸ் எங்கயாவது கிடைக்குமா, இல்ல காயலான் கடைக்குத்தானான்னு, சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேட்டு, படமும் போட்டிருக்கார். பார்க்க இது எங்க வாங்கறதுங்கற கேள்வி மாதிரி இருக்கு, ஆனா அவருக்கு உண்மையில தெரிய வேண்டியது எந்த பார்ட்டை எதை வெச்சு வேணா மாத்திக்கலாம், எதை மாத்தினா வம்பு வரும்ங்கறதுதான்னு நினைக்கறேன். அது தெரிஞ்சுட்டா எங்க வாங்கறதுங்கறது சின்ன விஷயம்.

நான் கோயமுத்தூர்ல ஐடிஐ டர்னர் முடிச்சு பம்ப் பட்டறைகள்ல லேத் ஓட்டினவன், இப்போ விஸ்கான்சின்ல ஒரு டூல் ரூம்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். ரீலோடிங் இங்க கூட வேலை செஞ்ச ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தது. நாலு பேர் பழைய பிரஸ்ஸைக் கொண்டு வந்து கொடுக்க ஆரம்பிச்சு, இப்போ வாரக் கடைசின்னா என் பெஞ்ச்ல ஏதாவது ஒரு துருப்பிடிச்ச இரும்பு உக்காந்திருக்கும். அதனால இரும்பு வேலையைப் பத்தி தைரியமா சொல்லுவேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர்ங்கறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அதுக்கு பவுடர் கம்பெனிக்காரங்க போடற இப்போதைய மேனுவல் இருக்கு, அதைத்தான் பார்க்கணும். ஷாட்கன் ரீலோடர்லயும் எனக்கு அனுபவம் கம்மி, அதையும் விட்டுடறேன்.

பார்ட்ஸைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பெட்டியை இன்னும் முழுசா கிளறலைன்னா இப்போதைக்குக் கிளறாதீங்க. தவறினவங்க வீட்டுல இருந்து வர்ற பெட்டில பாதி நேரம் உயிரோட பிரைமர் இருக்கும். பிரைமர்னா தோட்டாவோட அடில இருக்கற குட்டி தொப்பி, ஊசி அடிச்சதும் அதுதான் முதல்ல வெடிக்கும், அப்புறம்தான் பவுடர் பத்தும். தீக்குச்சி மருந்து மாதிரின்னு நினைக்காதீங்க, அதைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பு. அலுமினியக் குழாய் மாதிரி ஒண்ணு நீளமா கிடந்தா அது பிரைமர் டியூப், அதுக்குள்ள வரிசையா அடுக்கி இருக்கலாம். குச்சி விட்டுக் குத்தி வெளிய எடுக்கப் பார்க்காதீங்க, சூடு காட்டாதீங்க, எண்ணெய் ஊத்தினா செத்துடும்னு நம்பாதீங்க, எண்ணெய்ல ஊறின பிரைமர் பல நேரம் வெடிச்சிருக்கு. லேபிள் இல்லாத டப்பால பவுடர் இருந்தா, என்ன பவுடர்னு தெரியும்னு யார் சொன்னாலும் பயன்படுத்தாதீங்க. மூடியைத் திறந்ததும் புளிச்ச ஆசிட் வாடை அடிச்சாலோ செம்மண் கலர்ல தூசி பறந்தாலோ அது கெட்டுப் போச்சு. எப்படி அப்புறப்படுத்தறதுன்னு உங்க ஊர் ஃபயர் டிபார்ட்மென்ட்டுக்கு போன் பண்ணிக் கேளுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு இது பழகின விஷயம்.

சரி, இந்தத் தொழில் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சுட்ட பித்தளைக் கேஸ் லேசா உப்பியிருக்கும், அதை டைங்கற எஃகு அச்சுக்குள்ள தள்ளி பழைய அளவுக்குக் கொண்டு வந்து, செத்த பிரைமரைத் தட்டி எடுத்து, புது பிரைமர் வெச்சு, அளந்த பவுடர் கொட்டி, மேல புல்லட்டை அழுத்தினா தோட்டா ரெடி. இந்த வேலைல இருக்கற பாகங்களை நான் மூணா பிரிச்சு வெச்சிருக்கேன். அழுத்தறது ஒண்ணு, அளக்கறது ஒண்ணு, பிரைமரைத் தொடறது ஒண்ணு. அழுத்தற பாகம் கைப்பிடி, கேஸை மேல தூக்கி டைக்குள்ள தள்ளற ராம்ங்கற தண்டு, ரெண்டையும் இணைக்கற லிங்க், பின் எல்லாம், இதெல்லாம் வெறும் இரும்பு, யார் செஞ்சாங்கங்கறது முக்கியமே இல்ல. அளக்கற பாகம் பவுடர் மெஷரும் தராசும், இதுல தப்பு நடந்தா கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கியோட சேம்பர்லதான், அதாவது தோட்டா உக்கார்ற அறைலதான் தெரியும். பிரைமரைத் தொடற பாகத்துல தப்பு நடந்தா பெஞ்ச்லயே உங்க முகத்துக்கு நேரா தெரியும். நீங்க பயந்து போய் எழுதியிருக்கற கைப்பிடி ஆட்டம் முதல் வகை, அதுலதான் பயமே தேவையில்ல. பெட்டில பத்திரமா இருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே அந்தத் தராசு, அதைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

பார்ட்ஸ் கிடைக்குமாங்கறதுக்கு வர்றேன். பெயர் உயிரோட இருக்கற கம்பெனின்னா தயங்காம போன் பண்ணணும். ஆர்சிபிஎஸ் 1943ல கலிஃபோர்னியா ஓரோவில்ல ஃப்ரெட் ஹன்டிங்டன் ஆரம்பிச்சது, அந்தப் பச்சை பிரஸ்ஸுக்கு கிளிப்பு, ஸ்பிரிங்னு கேட்டு நிறைய பேர் காசே இல்லாம வாங்கியிருக்காங்க. டில்லன் மெஷின்ல பெரும்பாலான மாடலுக்கு வாழ்நாள் வாரன்ட்டி, அதுவும் நீங்க எத்தனையாவது கைன்னு கேக்காம கொடுக்கறது. லைமன் ரொம்பப் பழைய வீடு, 1884ல நியூ ஹேவன்ல ஜான் பார்லோ ஆரம்பிச்ச ஐடியல் கம்பெனியோட டூல்ஸ் வரிசை 1925ல லைமன் கைக்கு வந்தது, அதனால ஐடியல்னு அச்சடிச்ச இடுக்கி மாதிரி டூல் கிடைச்சா அது லைமனோட தாத்தா. பசிஃபிக்னு போட்டிருந்தா அதை 1971ல ஹார்னடி வாங்கிட்டாங்க. ஆனா பெயர் வாங்கினவங்ககிட்ட பழைய பார்ட் இருக்கும்னு அர்த்தம் இல்ல, டிசைனை மாத்தினதும் அச்சு, பேட்டர்ன் எல்லாம் போயிடும். போன் பண்ணும்போது பார்ட் உடைஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லாம, ஃபிரேம்ல வார்ப்பா இருக்கற எழுத்து, ராம் விட்டம், பின் விட்டம், துளைக்குத் துளை தூரம் இதெல்லாம் கைல வெச்சுக்கிட்டுப் பேசினா எதிர்ல இருக்கற ஆள் உங்களை மதிச்சு அலமாரி வரைக்கும் எழுந்து போய்ப் பார்ப்பார், இது என் அனுபவம்.

ஹெர்ட்டர்ஸ் கதை வேற. உங்க ஊருக்குப் பக்கத்துலயே, மினசோட்டா வசீகால இருந்து தபால் வியாபாரம் பண்ணின வீடு. தூண்டில்ல இருந்து படகு வரைக்கும் வித்தாங்க, உலகத்துலயே இதுதான் சிறந்ததுன்னு எல்லாப் பொருளுக்கும் கேட்டலாக்ல சத்தியம் பண்ணுவாங்க, இப்பவும் அந்த கேட்டலாக்கைச் சிரிச்சுக்கிட்டே சேர்த்து வெக்கற ஆளுங்க இருக்காங்க. 1968ல துப்பாக்கி, தோட்டா தபால் விற்பனையைக் கட்டுப்படுத்தி வந்த சட்டத்துல அடி வாங்கி, 1980களோட ஆரம்பத்துல கடையை மூடிட்டாங்க. பெயரை வேற வியாபாரிங்க வாங்கினாங்க, பெயரை மட்டும்தான். அதனால ஹெர்ட்டர்ஸ் பிரஸ் ஒரு அனாதைப் பிள்ளை, ஆனா நல்ல எலும்பு உள்ள பிள்ளை. அந்த வார்ப்பு தாராளமா இரும்பு போட்டது, இன்னிக்குத் தூக்கினாலும் இடுப்பு பிடிக்கும். மேல டை மாட்டற மரை எட்டுல ஏழு இன்ச், இன்ச்சுக்கு 14 இழையா இருந்தா பாதிக் கவலை போச்சு, ஏன்னா இன்னிக்குக் கடைல விக்கற டை பெரும்பாலும் எல்லாமே அந்த மரைதான். ஒரு புது டையை எண்ணெய் தொட்டு வெறும் கையால திருகிப் பாருங்க, நாலு அஞ்சு சுத்து தடையில்லாம இறங்கணும். ஸ்பேனர் தேவைப்பட்டா நிறுத்திடுங்க, மரைல துரு இருக்கலாம் இல்ல மரையே வேறயா இருக்கலாம்.

இப்போ அந்த ஆட்டம். முதல்ல நிஜமாவே சரி பண்ணணுமான்னு பார்க்கலாம். கைப்பிடியைக் கீழ அழுத்தி ராம் மேல ஏறி டையை முட்டும்போது, சுமை எல்லா பின்னையும் ஒரே பக்கம் தள்ளிடும், அதனால ஆட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த நிமிஷத்துல அது மொத்தமும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். ராம் எங்க நிக்குதுங்கறதை முடிவு பண்றது டை முட்டற இடம், கைப்பிடி இல்ல. ஊர்ல பழைய அடிபம்பு கைப்பிடி எப்படி ஆடும், ஆனாலும் தண்ணி வரும்ல, அந்த மாதிரி. அதனால ஆட்டம் எரிச்சலா இருக்கே தவிர தோட்டாவைக் கெடுக்காது. ஆனா ரெண்டு பக்க லிங்க்ல ஒண்ணு மட்டும் அதிகமா தேய்ஞ்சிருந்தா சுமை ஒரு பக்கமா விழுந்து ராமை சாய்க்கும், அப்போ சரி பண்ணித்தான் ஆகணும்.

என்கிட்ட வந்த ஒரு பழைய பிரஸ்ல நடந்ததைச் சொன்னா புரியும். கழட்டிப் பார்த்தா ஒரிஜினல் பின் இருந்த இடத்துல முன்ன வெச்சிருந்தவர் ஹார்ட்வேர் கடை போல்ட் ஒண்ணைச் சொருகி நட்டு போட்டிருந்தார். போல்ட்டோட மரை துளைக்குள்ள உக்காந்து அரம் மாதிரி அறுத்து அறுத்து துளை முட்டை வடிவமா ஆயிடுச்சு. இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கை நாங்க தவ்னு சொல்லுவோம், துளை ஒரு பக்கம் அளந்தா 376 தவ், குறுக்க அளந்தா 387. இதை டிரில் போட்டுப் பெருசாக்கக் கூடாது, முட்டைத் துளைல டிரில் அதே முட்டையைத்தான் பின்தொடரும். துளையைச் சுரண்டி சரியான வட்ட அளவுக்குக் கொண்டு வர்ற ரீமர்தான் போடணும். ரெண்டு லிங்க்கையும் முதுகோட முதுகா சேர்த்து கிளாம்ப் பண்ணி, நல்லா இருக்கற மறுமுனைத் துளைல ஒரே பின்னை ரெண்டுக்கும் சேர்த்து விட்டு, 25/64 இன்ச் ரீமரை மெதுவா ஒரே மூச்சுல விட்டேன். தனித்தனியா பண்ணினா துளைக்குத் துளை தூரம் ரெண்டு லிங்க்லயும் வேற வேறயா போயிடும், அப்புறம் பிரஸ் நொண்டும். லிங்க் எஃகுன்னா கட்டிங் ஆயில், வார்ப்பிரும்புன்னா எதுவும் வேண்டாம், காஞ்சபடிதான், எண்ணெய் விட்டா தூள் சேறு மாதிரி ஆகி ரீமர் பிடிச்சுக்கும். ரீமரை எந்தக் காரணத்துக்கும் பின்பக்கமா சுத்தாதீங்க, விளிம்பு போயிடும். எங்க மாஸ்டர் இதுக்காகவே ஸ்டீல் ஸ்கேலால முட்டில தட்டுவார்.

பின்னுக்கு ஓ1 டிரில் ராடுங்கற டூல் ஸ்டீல் கம்பி வாங்கி அளவுக்குக் கடைஞ்சு போட்டேன், ஹார்டன் பண்ணலை. நிறைய பேர் பின் எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கறாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, தேயறதுன்னா பின் தேயட்டும், லிங்க் தேய வேண்டாம், பின் பத்து நிமிஷ வேலை. லேத் இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி ஷோல்டர் போல்ட், தோள் பகுதி எட்டுல மூணு இன்ச் வாங்கினா அதோட மரை 5/16ல 18 இழை இருக்கும், துளைக்குள்ள வழவழன்னு தோள் மட்டும் உக்காரும், மரை வெளிய நிக்கும். லிங்க்கோட கண் தடிமனா இருந்தா அரை இன்ச் ரீம் பண்ணி ஆயிலைட்ங்கற எண்ணெய் ஊறின வெண்கல புஷ், அதாவது துளைக்குள்ள உக்கார்ற குட்டிக் குழாய், அழுத்தலாம், அந்த புஷ் வெளி விட்டம் வேணும்னே ரெண்டு மூணு தவ் கூடுதலாத்தான் வரும், அழுத்தினதும் உள் விட்டம் சுருங்கி சரியான அளவுக்கு வந்துடும், அதனால புஷ்ஷை அளந்துட்டு பெருசா இருக்கேன்னு தேய்க்க உக்காந்துடாதீங்க. புஷ், பின், ஸ்பிரிங், ஸ்நாப் ரிங் எல்லாம் மெக்மாஸ்டர் கார்ங்கற பட்டறை சாமான் கம்பெனில ஒரே ஆர்டர்ல வந்துடும். வேற கம்பெனி பிரஸ்ஸோட பார்ட்டை வாங்கி அடிச்சுப் பொருத்தறதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த வேலையெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி ஃபிரேம்ல விரிசல் இருக்கான்னு பார்த்துடுங்க, இல்லைன்னா உழைப்பு வீண். எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் ஃபிரேமைக் கயித்துல தொங்க விட்டு சின்ன ஸ்பேனரால தட்டுங்க. சந்தைல மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவாங்களே அதே கணக்குதான், முழு வார்ப்பு ணங்னு இழுத்துக்கிட்டு ஒலிக்கும், விரிசல் விட்டது பொத்துன்னு நிக்கும். சந்தேகம் தீரலைன்னா பவுண்டரில நாங்க பண்றது, மண்ணெண்ணெயைத் தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு, துடைச்சுட்டு மேல சாக்பீஸ் பொடியைத் தூவறது. விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிஞ்சு வெள்ளைல ஒரு கோடு போட்டுக் காட்டும். பெஞ்ச்ல போல்ட் மாட்டற காதுகிட்டயும், ஃபிரேம் வளையற உள் மூலைகள்லயும் முக்கியமா பாருங்க. போல்ட் மாட்டற காது மட்டும் உடைஞ்சிருந்தா பித்தளை பிரேஸிங் பண்ணி ஓட்டலாம், செஞ்சிருக்கேன். ஃபிரேம் வளைவுல விரிசல்னா நிக்கல் ராடு வெச்சு வெல்டிங் பண்ணி பல வருஷமா ஓட்டறவங்களும் இருக்காங்க, நான் பண்ண மாட்டேன், காயலான் கடைக்குப் போகலாம்னு நான் சொல்ற ஒரே இடம் அதுதான்.

ஷெல் ஹோல்டர்ங்கறது ராம் தலைல உக்காந்து கேஸோட விளிம்பைப் பிடிச்சுக்கற குட்டி வளையம். இன்னிக்குப் பொதுவா எல்லா பிரஸ்லயும் ஒரே மாதிரி ஹோல்டர்தான் நுழையுது, ஹெர்ட்டர்ஸ் காலத்துல ஆளாளுக்கு ஒரு வடிவம், அவங்களோடதும் தனி. புது ஹோல்டரை அதுல மாட்ட அடாப்டர் செஞ்சு விக்கற லேத்காரங்க இருக்காங்க. நானும் நேரம் இல்லாம ஒருத்தர்கிட்ட ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், பளபளன்னு அழகா இருந்தது, மூணாவது நாள் கேஸ் டைக்குள்ள இறுகினப்போ கைப்பிடியைத் தூக்கினேன், அடாப்டரோட உதடு வாழைப்பழத்தோல் மாதிரி விரிஞ்சு வந்துடுச்சு. மைல்ட் ஸ்டீல்ல செஞ்சு ஹீட் ட்ரீட்மென்ட்டே பண்ணாம அனுப்பியிருக்கார். கேட்டா நீ முரட்டுத்தனமா இழுத்திருப்பேன்னு பதில். ஷெல் ஹோல்டரும் அதைத் தாங்கற உதடும் கட்டாயம் ஹார்டன் பண்ணினதா இருக்கணும், வாங்கினதும் தெரியாத ஒரு ஓரத்துல புது அரத்தால லேசா இழுத்துப் பாருங்க, அரம் வழுக்கினா சரி, கடிச்சா திருப்பி அனுப்புங்க. ஹோல்டரைப் பிடிச்சுக்கற கிளிப்புக்கு மட்டும் அலைய வேண்டாம், ராம்ல கிளிப் உக்கார்ற பள்ளம் இருந்தா அதுல சரியான அளவு ரப்பர் ஓ ரிங் போட்டா போதும், கிளிப்பைவிட நல்லா பிடிக்கும், ஹோல்டரை எந்தத் திசைல வேணா திருப்பிக்கலாம்.

பிரைமர் ஆர்முக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காம போகலாம், அதைத் தேடவே தேடாதீங்க. பழைய பிரஸ்ல முதல்ல தொலையற பார்ட் அதுதான், கிடைச்சாலும் அதோட கப்பும் பின்னும் தேய்ஞ்சிருக்கும், பிரைமரைக் கோணலா தள்ளும். கைல பிடிச்சு அழுத்தற பிரைமர் டூல் ஒண்ணு தனியா வாங்கிடுங்க, பிரஸ்ஸோட பெரிய நெம்புகோல்ல தெரியாத உணர்வு அதுல விரலுக்குத் தெரியும், பிரைமர் அடில போய் உக்கார்றதை உணரலாம். உக்காந்ததும் விரல் நுனியால தடவிப் பாருங்க, கேஸோட அடிப்பரப்பைவிட ஒரு மயிரிழை உள்ளதான் இருக்கணும், துருத்திக்கிட்டு இருந்தா அந்தத் தோட்டாவை ஒதுக்குங்க. பழைய பிரைமர் டியூபை பிரஸ்ல மாட்டி ஓட்டறதா இருந்தா சுத்தி எஃகு கவசக் குழாய் இல்லாம வேண்டாம், ஒண்ணு வெடிச்சா வரிசைல இருக்கற எல்லாமே சேர்ந்து போகும். இந்த இடத்துல வீட்டுல செஞ்ச பார்ட், 3டி பிரிண்ட் பண்ணின பார்ட் எதுவும் வேண்டாம்னு அடிச்சுச் சொல்றேன். 3டி பிரிண்ட்டுக்கு நான் எதிரி இல்ல, செத்த பிரைமர் விழற டப்பா, கேஸ் வெக்கற ட்ரே எல்லாம் நானே பிரிண்ட் பண்ணித்தான் வெச்சிருக்கேன், பிஎல்ஏ பிளாஸ்டிக் அறுபது டிகிரி செல்சியஸ் பக்கம் இளக ஆரம்பிச்சுடும், வெயில்ல கராஜ் சூடேறும்னா பிஇடிஜி போடுங்க.

லைமன் 55 பவுடர் மெஷர் நல்ல சாமான். உருளை ஒண்ணு, அதுல ஒண்ணுக்குள்ள ஒண்ணா நகர்ற மூணு ஸ்லைடு, பக்கத்துல பவுடர் ஒட்டாம விழறதுக்குத் தட்டற குட்டிச் சுத்தி. இதுல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன், அப்போதான் நீங்க பண்ண மாட்டீங்க. எனக்கு வந்த ஒரு மெஷர்ல உருளை கொஞ்சம் இறுக்கமா சுத்துச்சு, டர்னர் புத்தி சும்மா இருக்குமா, லேத்ல மாட்டி 600 நம்பர் எமரி தாளைக் கொடுத்து கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். ஆசையா சுத்திப் பார்த்தா வெண்ணெய் மாதிரி போச்சு. நுண்ணுருண்டை பவுடரைப் போட்டதும் உருளைக்கும் உடம்புக்கும் நடுவுல இறங்கி, அரைபட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் நறநறன்னு சத்தம், கீழ பெஞ்ச்ல மிளகுப் பொடி மாதிரி சிந்தியிருக்கு. எடுத்த ஒரு தவ்வைத் திரும்ப வெக்க முடியாது. இறுக்கமா இருந்ததுக்குக் காரணமே காஞ்சு போன பழைய எண்ணெய்ப் பிசின்தான், மினரல் ஸ்பிரிட்ல துணியை நனைச்சுத் துடைச்சிருந்தா போதும். அதனால உருளையையும் அது உக்கார்ற குழியையும் தேய்க்காதீங்க, நல்லா காய விட்டு கிராஃபைட் பொடி தடவுங்க, எண்ணெய் கூடவே கூடாது, பவுடர் ஒட்டிக்கும். மேல இருக்கற பிளாஸ்டிக் குழாய் மஞ்சளா மங்கியிருந்தா பழைய ஆள் பவுடரை உள்ளயே விட்டு வெச்சிருந்திருக்கார், நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் பிளாஸ்டிக்கை அரிக்கும். விரிசல் இல்லைன்னா அதையே பயன்படுத்தலாம், அசிட்டோன் வெச்சுத் துடைச்சுடாதீங்க, பாலாடை மாதிரி வெளுத்துடும்.

இனி தராசு. கிரெயின்ங்கற அளவு ரொம்பப் பொடிசு, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிரெயின்னா சுமார் 65 மில்லிகிராம், நம்ம ஆசாரி கணக்குல சொன்னா குன்றிமணில ஏறக்குறைய பாதி. இந்தத் தராசு அதுல பத்துல ஒரு பங்கைக் காட்டணும். பழைய ஆர்சிபிஎஸ் தராசுகள் நிறைய ஓஹாஸ் செஞ்சு கொடுத்தது, அடில பார்த்தா பெயர் இருக்கும், நல்ல தராசு. பீம் ஒரு கத்தி விளிம்புல நிக்கும், அந்த விளிம்பு கல்லுல செஞ்ச பள்ளத்துல உக்காரும். அங்க தூசி இருந்தா ஓவியம் வரையற மெல்லிய தூரிகையால தட்டுங்க, எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் தராசு சோம்பேறி ஆயிடும். ஆட்டத்தை அடக்கறதுக்கு பீமோட ஓரத்துல ஒரு செப்புத் தகடு ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஆடும், அந்தக் காந்தத்துல கராஜ்ல பறந்த இரும்புத்தூள் தாடி மாதிரி வளர்ந்திருக்கும், ஒட்டற டேப்பால ஒத்தி ஒத்தி எடுங்க. அப்புறம் ஒரே எடையைப் பத்து தடவை வெச்சு எடுத்து வெச்சு எடுத்து அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க. நிக்கலைன்னா விளிம்பு மழுங்கியிருக்கு. அரம் போட்டு கூராக்கறேன்னு யாராவது வந்தா கும்பிட்டு அனுப்பிடுங்க, அதை நானும் தொடறதில்ல.

எடை சரியா காட்டுதான்னு பார்க்க அஞ்சு சென்ட் காசு 5 கிராம், அதாவது 77.16 கிரெயின், அதை வெச்சுப் பாருன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. 5 கிராம்ங்கறது உண்மைதான், ஆனா காசு அடிக்கற இடத்துலயே அனுமதிக்கற ஏற்ற இறக்கம் ஒரு கிரெயினைத் தாண்டும், அதுக்கு மேல பாக்கெட்ல தேய்ஞ்சது வேற. பத்துல ஒரு கிரெயின் தேடறப்போ ஒரு கிரெயின் தப்பா இருக்கக்கூடிய எடைக்கல்லை வெச்சு என்ன பண்ணறது. செக் வெயிட்னு தனியா விக்குது, அதை வாங்குங்க, அதுவும் நீங்க கொட்டப் போற அளவுக்குப் பக்கத்துல வர்ற எடையா வெச்சுப் பாருங்க, ஏன்னா தராசு நூறுல சரியா இருந்து அஞ்சுல தப்பா இருக்கலாம். இந்தச் சோதனைல தேறாத தராசு எவ்வளவு அழகா இருந்தாலும் அலமாரி பொம்மைதான்.

பழைய இரும்புதான் இரும்பு, இப்போ வர்றதெல்லாம் தகரம்னு சொல்றதை நான் முழுசா ஏத்துக்கலை. ஃபிரேம் வார்ப்பு பழசுல தாராளம், அது கண்ணால பார்க்கறது. ஆனா துளைகளோட நேர்த்தி இப்போ கம்ப்யூட்டர் ஓட்டற சிஎன்சி மெஷின்ல வர்றது பல இடத்துல மேல். ராம் ஆட்டம் இருந்தா புல்லட் கோணலா உக்காரும்னு சண்டை போடறவங்களும் உண்டு, கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் கேஸ் தானா டைல நேராகும்னு சொல்றவங்களும் உண்டு. நான் டயல் இண்டிகேட்டர் வெச்சு அளந்ததுல ராம் ஆட்டத்தைவிட டையை எப்படி லாக் பண்றோம்ங்கறது அதிக வித்தியாசம் காட்டுச்சு, ஆனா அது என் மூணு பிரஸ்ல பார்த்தது, இதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. ராம் தேயாம இருக்க, செத்த பிரைமர்ல இருந்து விழற கருப்புக் கரியைத் தினம் துடைக்கறது போதும், அது வால்வு அரைக்கற பேஸ்ட் மாதிரி கடிக்கும்.

சட்டத்தையும் கேட்டிருந்தீங்க. அமெரிக்கால சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, செஞ்சு விக்கறதுன்னா தேவை, மாநில விதிகளைத் தனியா பார்த்துக்கோங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போய் மாமா துப்பாக்கிக்குத் தோட்டா செஞ்சு கொடுக்கலாமான்னு கீழ இன்னொருத்தர் கமென்ட்ல கேட்டிருக்கார், வேண்டவே வேண்டாம். இந்தியால 1959 ஆயுதச் சட்டத்தோட 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறதே குற்றம், துப்பாக்கி லைசென்ஸ் இருக்கறது அதுக்கு ஆகாது.

உங்க பிரஸ்ஸுக்கு இப்போதைக்கு வேணும்னு எனக்குத் தெரியறது ரெண்டு ஷோல்டர் போல்ட், ஒரு ஓ ரிங், ஒரு ஹார்டன் பண்ணின அடாப்டர், ஒரு கை பிரைமர் டூல், ஒரு செட் செக் வெயிட். படத்துல இடது லிங்க் துளை வலதைவிடப் பெருசா தெரியற மாதிரி இருக்கு, வெளிச்சத்தோட கோணமாவும் இருக்கலாம். பின்னைக் கழட்டி ரெண்டு துளையையும் நெடுக்க ஒண்ணு குறுக்க ஒண்ணுன்னு அளந்து நாலு நம்பரையும் கீழ போடுங்க, ரீமர் எந்த அளவு வாங்கறதுன்னு அதைப் பார்த்துச் சொல்றேன்.